ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கண்காட்சி

போன வருஷம் எங்க பெரியப்பா வரைந்த படம் ஒன்றை ஒரு கண்காட்சியில் வைத்தார்கள். அவர் அதைப் போய்ப் பார்க்கவே இல்லை.

உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்று காரணம் எதுவும் கிடையாது. வீட்டிலிருந்து அந்த மண்டபம் டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப். ஆனால் கண்காட்சி வியாழன், வெள்ளி, சனி. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. பெரியப்பாவுக்கு பிரிண்டிங் பட்டறையில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு லீவு கேட்கவே முடியாது. சரி, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் யாருக்கோ காதுகுத்து.

நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளாஸ் கட் அடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். படம் இருந்தது. பந்தி ஹாலுக்குப் போகிற வழியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில். நொய்யல் கரையில் ஒரு பாட்டி சுள்ளி பொறுக்குகிற மாதிரி வாட்டர் கலர். கீழே ஒரு சீட்டு: 'உள்ளூர் ஓவியர்'. அவ்வளவுதான். பேர் இல்லை. பேரை எழுதிக் கொடுத்தது நான்தான், அதனால் நன்றாகத் தெரியும். ஹாலில் என்னையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருத்தர் வாட்ச்மேன்.

ஒரு குடும்பத்துக் கதையை வைத்து ஊரையே திட்டலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூன்று நாலு வருஷமாக திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்று எங்கே ஓவியக் கண்காட்சி என்று கேள்விப்பட்டாலும் போய்ப் பார்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு. நான் பார்த்த வரைக்கும் எல்லாம் ஒரே அச்சு. குத்துவிளக்கு, ரிப்பன், பொன்னாடை. ஒன்றரை மணி நேரம் மேடைப் பேச்சு. அதில் கலையின் பெருமை பற்றி இருக்கும், மாட்டியிருக்கிற படம் ஒன்றைப் பற்றிக்கூட இருக்காது. அப்புறம் குரூப் போட்டோ, பின்னாடி இருக்கிற படங்களைத் தலைகளால் மறைத்தபடி. மறுநாள் பேப்பரில் சிறப்பு விருந்தினர்கள் பேரெல்லாம் இனிஷியலோடு வரும். வரைந்தவர்கள் 'பல ஓவியர்கள்' ஆகிவிடுவார்கள். இரண்டாம் நாள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் கூட்டி வருவார்கள். "நிக்காதே, போய்ட்டே இரு" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வருவார். நின்று பார்ப்பதற்காக மாட்டிய படத்துக்கு முன்னால்!

என் குற்றச்சாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்க பக்கத்தில் ஓவியக் கண்காட்சி நடப்பது திறப்பு விழாவுக்காக. பார்க்க வேண்டிய ஆள் மெஷினில் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துத் திறக்கிறார்கள். அவன் வெளியே வருகிற நேரமாகப் பார்த்துப் பூட்டுகிறார்கள். கடைசியில், "இந்த ஊர்க்காரனுக்கு பணம் பண்ணத் தெரியும், ரசனை கிடையாது" என்று ஒரு தீர்ப்பு வேறு.

அந்தக் கண்காட்சிக்காரர் ஒருத்தரிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங் சார், ஞாயித்துக்கெழம வெச்சா எல்லாரும் வருவாங்கல்லங்க?"

"ஞாயித்துக்கெழமன்னா சீஃப் கெஸ்ட் யாரும் கெடைக்க மாட்டாங்க தம்பி."

இதற்கு மேல் நான் என்ன எழுத! அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இனி, இந்தப் பக்கம் பேச ஆரம்பித்தாலே வந்து விழுகிற பதில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "வைத்தாலும் எவன் வருவான்? நாள் பூரா வேலை பார்த்தவன் கடைவீதிக்குப் போவானா, படம் பார்க்க வருவானா?"

கடைவீதிக்குத்தான் போவான். அதனால்தான் சொல்கிறேன், கடைவீதிக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று. திருப்பூர் புத்தகத் திருவிழாவைப் பாருங்கள். பின்னல் புக் டிரஸ்ட் இருபது வருஷங்களுக்கு மேலாக இதை நடத்திக்கொண்டு வருகிறது. ஆரம்பத்தில் இதற்கும் "பனியன் கம்பெனிக்காரன் புத்தகம் வாங்குவானா?" என்று சிரித்தவர்கள் உண்டு. ராத்திரி வரைக்கும் திறந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது, ஜனம் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். புத்தகம் என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது தெரிய வேண்டும். படத்துக்கு அதுகூட வேண்டாமே!

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? அவிநாசித் தேர். தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அதன் மரச் சிற்பங்களை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? சித்திரைத் திருவிழாவில் அந்தத் தேர் ரத வீதிக்கு வருகிறது. நம்ம முன்னோர்கள் ஒரு சிற்பக் கண்காட்சிக்குச் சக்கரம் வைத்து, வடம் கட்டி, ஊர் ஜனத்தையே இழுக்க விட்டிருக்கிறார்கள். டிக்கெட் இல்லை, பத்து டு ஐந்து இல்லை. நாம் அதற்கப்புறம் எத்தனையோ முன்னேறி, சிற்பத்தை ஏசி ஹாலில் வைத்து வாசலில் செக்யூரிட்டி போட்டிருக்கிறோம். :-)

இரண்டாவது பதில்: "முதல்ல வயிறு, அப்புறம்தான் கலை." இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள் என்பதை விட்டுவிடுவோம். விஷயத்துக்கு வருவோம்.

1966-67-ல் பீகாரில் கொடும் வறட்சி. அப்போது அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியரை மதுபனி வட்டாரத்துக்கு அனுப்பியது. வீட்டுச் சுவரில் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வரைந்துகொண்டிருந்த பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்து, இதில் வரையுங்கள், விற்றுத் தருகிறோம் என்றார்கள். வறட்சி நிவாரணமாகத்தான் அது தொடங்கியது. அப்படிக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜகதாம்பா தேவிக்கு 1975-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பசித்த வீட்டில் அடுப்பெரிய வைத்தது அந்தப் படம்தான். வயிறு முதலில், கலை அப்புறம் என்று வரிசை போட்டுக் காத்திருந்தால் அந்த வீடுகளில் இரண்டுமே இருந்திருக்காது.

நம்ம தமிழ்நாட்டிலேயே சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கியது. ஓவியம் விற்று வாழ முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். என்ன செய்தார்கள்? துணியில் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தக் கைவினை வருமானத்தில் நிலம் வாங்கினார்கள், ஓவியமும் வரைந்தார்கள். துணியில் அச்சடித்த காசில் ஓவியம்! இதைச் செய்ய வேண்டிய ஊர் எது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் துணியில் அச்சடிக்கிற ஊர் எது?

மூன்றாவது பதில்: "காசு எங்கே இருக்கு?"

திருப்பூரில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க நிஜமாகவே தைரியம் வேண்டும். 1985-ல் சுமார் 15 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர், 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குச் செய்திருக்கிறது. துணியில் சம்பாதித்த மற்ற ஊர்கள் என்ன செய்தன? இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1889-லேயே விட்வொர்த் ஓவியக்கூடம் தொடங்கிவிட்டார்கள், துணி வடிவமைப்புகளையும் சேர்த்தே சேகரித்தார்கள். அகமதாபாத்தில் ஆலை நடத்திய சாராபாய் குடும்பம் 1949-ல் காலிகோ துணி அருங்காட்சியகத்தை அமைத்தது. அந்த ஊர் ஆலை முதலாளிகள் சங்கம், தன் கட்டடத்தையே லெ கொர்புசியேவை வைத்துக் கட்டிக்கொண்டது. இதோ பக்கத்தில் கோவையில், ஜவுளி ஆராய்ச்சிக்கான சிட்ராவின் இயக்குநராக இருந்த கஸ்தூரி சீனிவாசன் தானே ஓவியரும் எழுத்தாளருமாக இருந்தார். அவர் பேரில் அவிநாசி ரோட்டில் ஓர் ஓவியக்கூடம் இன்றும் நடக்கிறது. திருப்பூர்க்காரனிடம் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஓவியக்கூடம் எங்கே என்று கேட்டால், அந்த அவிநாசி ரோட்டுக்குத்தான் ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறச் சொல்வான். நாம் கட்டியது என்ன? கல்யாண மண்டபம். அதற்கு மேல் இன்னொரு கல்யாண மண்டபம்.

முதலாளிகள் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய்யனாகிவிடுவேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் எப்படி ஆடிப்போனது என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்க தெருவிலேயே ஆர்டர் நின்று, கைமடிக்குப் போகிற அக்காக்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். இது ஏறி இறங்குகிற தொழில். கோடிக்கணக்கில் போட்டு மியூசியம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு குடோன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

கேரளத்தில் ஆலப்புழாவைப் பாருங்கள். கயிறு வியாபாரத்தில் வாழ்ந்து, அது இறங்கியபோது கூடவே இறங்கிய ஊர். 2021-ல் அங்கே பழைய கயிறு கம்பெனிக் கட்டடங்களைத் திறந்து, 'லோகமே தறவாடு' என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 267 மலையாளி ஓவியர்கள், சிற்பிகளின் வேலை அதில் இருந்தது. புதுசாகக் கட்டடம் கட்டவில்லை, இருந்ததைப் பெருக்கிச் சுத்தம் பண்ணி விளக்குப் போட்டார்கள். நம்ம ஊரில் ஆர்டர் இல்லாமல் காலியாகக் கிடக்கிற ஷெட்டுகளுக்கா பஞ்சம்?

இதுவரை நேரத்தையும் இடத்தையும் பற்றிச் சொன்னேன். எனக்கு இதைவிட எரிச்சலானது பேர் விஷயம்.

திருமுருகன்பூண்டிக்குப் போயிருப்பீர்கள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவபெருமானே பூதகணங்களை வேடர்களாக அனுப்பி வழிப்பறி செய்த ஊர் என்று ஐதிகம். அவர் சும்மா விடவில்லை, பதிகம் பாடித் திரும்ப வாங்கினார். இன்றைக்கு அதே பூண்டியில் ரோட்டோரம் வரிசையாகச் சிற்பக்கூடங்கள். கருங்கல்லில் நந்தியும் அம்மனும் துவாரபாலகரும் பாதி பிறந்து வெயிலில் நிற்பார்கள். இங்கே செதுக்கிய சாமிகள் கடல் தாண்டியும் போகின்றன. அதே பூண்டியில்தான் பின்னலாடைக் கண்காட்சிக்கென்று இந்தியா நிட்ஃபேர் வளாகமும் இருக்கிறது. பனியனுக்கு அங்கே ஸ்பாட் லைட், ஸ்டால், தரையில் கார்பெட், வெளிநாட்டு பையர். சிற்பிக்கு ரோட்டுப் புழுதி. உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே காரில் போகிறோம், எத்தனை பேருக்கு ஒரு சிற்பியின் பேர் தெரியும்? பொன் போன சுந்தரருக்குப் பதிகம் பாடத் தெரிந்திருந்தது. பேர் போனவர்கள் என்ன பாடுவது?

பெரியப்பா கதையும் இதேதான். சின்ன வயசில் அவர் சினிமா பேனர் வரைந்தவர். அது சாதாரண வேலை இல்லை. கோவை ஓவியர் ஜீவா அந்த பேனர் உலகத்திலிருந்து வந்தவர்தான். அவர் எழுதிய 'திரைச்சீலை' புத்தகம் 2011-ல் அறிவித்த தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புப் பாராட்டு வாங்கியது. ஃப்ளெக்ஸ் வந்தது, பேனர் போனது. பெரியப்பா பிரிண்டிங் பட்டறைக்கு வந்தார். அங்கே டிசைனைக் கலர் கலராகப் பிரிக்க வேண்டும். ஆறு கலர் என்றால் ஆறு ஃபிலிம், ஆறு பிரேம். ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அதையெல்லாம் கையாலேயே ஃபிலிமில் கருப்பு மையால் வரைந்தவர் அவர். இப்போது கலர் கலக்குகிறார். பையர் அனுப்பிய துணித்துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, இதில் ஒரு சொட்டு மஞ்சள் கம்மி என்பார். சரியாக இருக்கும்.

"அதெல்லாம் பையர் அனுப்புற டிசைன்தானே, இதுல என்ன கலை?" என்று கேட்கலாம். டிசைன் பெரும்பாலும் அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணும் கையும் யாருடையது? அந்தக் கண்ணோடு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, பழைய ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் நொய்யலை வரைகிற ஆளுக்கு ஒரு சீட்டில் பேர் எழுத இந்த ஊருக்கு மை இல்லையா? எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் நெஞ்சில் இவர் கலந்த கலர் நடந்து போகிறது. சொந்த ஊரில் இவர் 'உள்ளூர் ஓவியர்'.

இவராவது உள்ளூர் என்ற வார்த்தைக்குள் வருகிறார். அதற்குள்ளும் வராதவர்கள் எத்தனை ஆயிரம்! மேலே சொன்ன மதுபனி இருக்கும் பீகாரிலிருந்து வந்தவர்கள்தான் இன்று பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிறார்கள். அங்கே ஹசாரிபாக் பக்கம் வீட்டுச் சுவர்களில் வரைகிற சோராய்-கோவர் ஓவியத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டச்சித்திரம் வரைகிற ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறார்கள். ஓவர்லாக் அடிக்கிற அந்தப் பெண்களில் யாருக்காவது அம்மா சுவரில் வரையக் கற்றுக் கொடுத்திருப்பாளா என்று நாம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டிருக்கிறோமா? ஹாஸ்டல் சுவர் வெள்ளையாகத்தானே இருக்கிறது. ஒரு டப்பா பெயின்ட் வாங்கிக் கொடுத்துப் பார்க்க எவ்வளவு ஆகும்?

அரசாங்கத்தையும் விடுவதாக இல்லை. தமிழ்நாட்டின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் வந்தது, கும்பகோணம் 1887-ல். கொங்கு மண்டலத்துக்கு இன்னும் வரவில்லை. வரைகிற ஆசை இருக்கிற திருப்பூர்ப் பையன், கும்பகோணம் போக வேண்டும் அல்லது பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். எங்க தெருவில் எல்லாரும் எதற்குப் போனார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

திட்டிவிட்டு மட்டும் போகக் கூடாது இல்லையா? கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை திறங்கள். மற்ற நாட்களில் ராத்திரி பத்து வரைக்கும் திறந்து வையுங்கள். மண்டப வாடகையை மிச்சம் பிடித்து, சந்தைக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ பக்கத்தில் ஒரு ஷெட் பிடியுங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பேரும் ஊரும் விலையும் எழுதுங்கள். தமிழில், தெரிந்தால் இந்தியிலும் எழுதுங்கள். சீஃப் கெஸ்ட் வேண்டும் என்றால் வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ரிப்பனை அந்தக் கண்காட்சியில் படம் வைத்திருக்கிற ஒருத்தர் வெட்டட்டும், விருந்தினர் பக்கத்தில் நின்று கைதட்டட்டும். இதற்கெல்லாம் காசு ஆகாது. கொஞ்சம் கூச்சம் போக வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "உடு கண்ணு, அதுக்குப் போயி..." என்றார். படத்தைத் திரும்ப வாங்கி வந்தது நான்தான். ஓரத்தில் தண்ணி பட்டு நொய்யல் கொஞ்சம் கரைந்திருந்தது, கை கழுவுகிற இடம் இல்லையா... அவர் அதைத் திருப்பி வைத்து, பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அவருக்கு வரவில்லை. அவருக்கு வராது, பழகிவிட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அடுத்த தடவை உங்க ஊரில் ஓவியக் கண்காட்சி என்று நோட்டீஸ் கொடுத்தால், யார் திறந்து வைக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஞாயித்துக்கெழம உண்டுங்களா?"